கரிசல் தின்றது போக மிச்சம் எத்தனை வாட்?

பாளையம்பட்டியில் வீட்டுக்குப் பின்னால் உயரமாக ஒரு கம்பம் நட்டுப் பாருங்கள். மூன்று நாளுக்குள் யாராவது வாசலில் வந்து நிற்பார்கள்.

"டவரா தம்பி? மாசம் எவ்வளவு வாடகை குடுக்காங்க?"

"டவர் இல்ல அண்ணாச்சி. இது ரேடியோவுக்கு."

"ரேடியோதான் செல்லுலயே வருதே!"

"இது நாம அனுப்புற ரேடியோ."

"அப்படியா? எவ்வளவு தூரம் போகும்?"

இந்தக் கடைசிக் கேள்விக்கு நேர்மையான பதில் கைவசம் உள்ளவருக்கு இந்தக் கையேடு தேவைப்படாது. மற்றவர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளலாம்.

2007-இல் ஜெனீவாவில் கூடிய உலக வானொலி மாநாடு, ஹாம் எனப்படும் அமெச்சூர் வானொலிக்காரர்களுக்கென்று நெட்டலையில் ஒரு துண்டு நிலம் பிரித்துக் கொடுத்தது. 135.7 கிலோஹெர்ட்ஸில் தொடங்கி 137.8-இல் முடிந்துவிடும். ஒரே ஒரு பண்பலை நிலையம் உட்காரும் இடத்துக்குள் இப்படித் துண்டுகள் ஏறக்குறைய நூறு போட்டுவிடலாம். அந்தத் துண்டுக்கும் ஒரு கட்டுப்பாடு வைத்தார்கள்: வெளியே போகும் திறன் 1 வாட்டைத் தாண்டக் கூடாது. கேட்டதும் எல்லோருக்கும் சிரிப்பு வரும். ராத்திரி விளக்கே அதைவிட அதிகமாகத் தின்கிறதே, இதில் தாண்டுவதற்கு என்ன இருக்கிறது என்று தோன்றும். கரிசலில் கம்பம் நட்டு அந்த ஒரு வாட்டை எட்டிப் பிடிக்க முயன்றவர் மட்டும் சிரிக்க மாட்டார்.

உரிமம்

தொலைத்தொடர்புத் துறையின் தேர்வில் தேறி உரிமம் வாங்குங்கள். வியூ2 என்றோ வியூ3 என்றோ தொடங்கும் அழைப்புக்குறி வரும். உரிமத்தில் அனுமதித்துள்ள அலைவரிசைப் பட்டியலில் மேற்சொன்ன துண்டு இருக்கிறதா என்று கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள். இல்லையென்றால் கையேட்டில் பாதிதான் உங்களுக்கு, கேட்கிற பாதி. நல்ல பாதியும் அதுதான்.

கம்பம்

136 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் 2,200 மீட்டர். நல்ல ஆன்டெனா என்றால் கால் அலைநீளமாவது நிற்க வேண்டும் என்று பாடப்புத்தகம் சொல்லும். அதாவது 550 மீட்டர். இந்தியாவிலேயே உயரமான கட்டுமானம் நமக்குத் தெற்கே, திருநெல்வேலி மாவட்டத்து விஜயநாராயணத்தில், கடற்படையின் ஐஎன்எஸ் கட்டபொம்மன் நிலையத்தில் நிற்கிறது. உயரம் 471 மீட்டர். அதை அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்து நம் வீட்டுக் கொல்லையில் நட்டாலும் பாடப்புத்தகத்துக்கு இன்னும் 79 மீட்டர் குறையும்.

ஆகவே பாடப்புத்தகத்தை மூடிவிட்டு, தண்ணீர் நின்றுபோன போரிலிருந்து உருவிப்போட்ட ஜிஐ பைப்பைத் தேடுங்கள். இந்தப் பக்கம் அது கிடக்காத வீடு குறைவு. இருபதடிக் குழாய் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் பற்றவைத்தால் 12 மீட்டர் வரும். அப்படி இரண்டு கம்பம். நடுவே 25 மீட்டர் இடைவெளி விட்டு, உச்சியில் இரண்டு கம்பிகளை இணையாக இழுத்துக் கட்டி, நடுவிலிருந்து ஒரு கம்பியைக் கீழே இறக்கிவிட்டால் ஆன்டெனா தயார். தெருவில் பாவு நீட்டிப் பார்த்து வளர்ந்தவர்களுக்குக் கம்பியைத் தொய்வில்லாமல் இழுத்துக் கட்டச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. உச்சிக் கம்பி வேண்டாம், ஒற்றைக் கம்பியை நேராக நிறுத்தினால் போதாதா என்று கேட்பீர்கள். போதும். வெளியேறும் திறன் ஏறக்குறைய கால்பங்காகிவிடும், அவ்வளவுதான்.

இப்போது ஒரு கணக்கு. தொய்வெல்லாம் போக இந்த ஆன்டெனாவின் பயனுறு உயரம் 10 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதை 2,200-ஆல் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கி, 1,580-ஆல் மறுபடி பெருக்குங்கள். 0.033 ஓம் வரும். இதற்குக் கதிர்வீச்சுத் தடை என்று பெயர். நீங்கள் அனுப்பும் மின்சாரத்தில் வானத்துக்குப் போகும் பங்கைத் தீர்மானிப்பது இந்த எண்தான். வீட்டு ஒயரிங்குக்குப் போடும் ஒன்றரை சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியை மூன்று மீட்டர் வெட்டினால் அதன் தடையும் ஏறக்குறைய இவ்வளவுதான் இருக்கும்.

மண்ணும் மரமும் சுவரும் சுருளும் சேர்ந்து தின்னும் தடை எவ்வளவு? கொல்லைப்புற ஆன்டெனாவுக்கு 50 முதல் 100 ஓம் வரை சகஜம். நாம் 80 என்று வைப்போம். ஆக 2,450 குடம் இறைத்தால் ஒரு குடம் செடிக்குப் போகிறது, மற்றதெல்லாம் வாய்க்காலிலேயே வற்றிவிடுகிறது. கருவியிலிருந்து 100 வாட் கொடுத்தால் வானம் பார்ப்பது 41 மில்லிவாட். அண்ணாச்சி கேட்டால் 100 வாட் என்றே சொல்லுங்கள். பொய்யில்லை. அவர் எதை அளந்தது என்று கேட்கப்போவதும் இல்லை.

இவ்வளவு குட்டையான ஆன்டெனாவை அலையோடு இசைய வைக்க ஒரு பெரிய சுருள் வேண்டும். காலியான 20 லிட்டர் பெயிண்ட் வாளியில் பிவிசி கம்பியை ஏறக்குறைய 160 சுற்று சுற்றினால் நாலரை மில்லிஹென்றி கிடைக்கும். வேடிக்கை ஓரம் இருக்கட்டும், இந்த ஒரு இடத்தில் காது கொடுங்கள்: 100 வாட் ஓடும்போது சுருளின் மேல்முனையிலிருந்து உச்சிக் கம்பி வரை ஏறக்குறைய 4,300 வோல்ட் நிற்கும். கொடிக்கம்பி என்று நினைத்து யாரும் அதில் வேட்டி காயப்போடக் கூடாது. கீழே இறங்கும் கம்பியைச் சுற்றி வேலி போடுங்கள். ஆட்டுக்குட்டிக்கு உரிமத் தேர்வு கிடையாது.

எர்த்

இந்தக் கலையில் பாதி மண்ணுக்கடியில் நடப்பது. நம் மண்ணைப் பற்றி நமக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. ஐப்பசி மழையில் காலைப் பிடித்து இழுக்கும். பங்குனி பிறந்துவிட்டால் கை நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும். மழைக்காலத்தில் அதே கருவி, அதே கம்பம் ஒரு எண் காட்டும், கோடையில் வேறு எண் காட்டும். அதனால் உங்கள் ஆன்டெனாவின் திறனைப் பற்றி எழுதும்போது மழைக்காலத்து எண்ணை மட்டும் எழுதிவிட்டு, தேதியை எழுத மறந்துவிடுவது வழக்கம்.

எர்த் குழி போட எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால் அவருக்கு ஒரே வைத்தியம்தான் தெரியும்: உப்பும் கரியும் மாற்றி மாற்றிப் போட்டு, தினம் தண்ணீர் ஊற்றுவது. வீட்டு மின்சாரத்துக்கு அது நல்ல வைத்தியம். நானும் ஒரு கோடை முழுக்க ஊற்றினேன்.

"ஏங்க, மல்லிக்கு ஊத்தத் தண்ணி இல்ல. இந்தக் கம்பிக்கு ரெண்டு குடமா?"

"அதுக்கும் தாகம் எடுக்கும்ல?"

"நேத்து லாரி வந்தப்ப நீங்கதான் போய் வரிசையில நிக்கணும்னு சொன்னேன். அப்ப எங்க போச்சு இந்தத் தாகம்?"

மனைவி சொன்னதில் மின்னியலும் இருந்தது என்பது பிறகுதான் புரிந்தது. நெட்டலையில் கம்பி நட்ட அந்த ஒரு சாண் இடத்தில் மட்டும் இழப்பு நடப்பதில்லை. உச்சிக் கம்பியிலிருந்து மின்புலம் குடை மாதிரி இறங்கி, கீழே பரந்து கிடக்கும் மண்ணையும் அதில் நிற்கும் மரத்தையும் தொட்டுத்தான் திரும்புகிறது. இரண்டு குடத்தை ஒரே குழியில் ஊற்றினால் குழி குளிரும், கொல்லை குளிராது. நாலு திசையிலும் வெறும் கம்பிகளை நீட்டிப் புதைப்பது இதைவிட மேல். பழைய தறிப் பட்டறையின் தகரக்கூரை இருந்தால் அதையும் எர்த்தோடு இணைத்துவிடலாம்.

போர்க்குழாயையே எர்த்தாக வைத்துக்கொள்ளும் யோசனை எல்லோருக்கும் வரும். தண்ணீர்தான் தரவில்லை, எர்த்தாவது தரட்டுமே என்ற ஆதங்கம். நல்ல யோசனைதான். குழிக்குள் இறக்கியிருப்பது இரும்பா பிவிசியா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். நான் பார்க்கவில்லை.

அப்புறம் சீமைக்கருவேலம். ஆன்டெனாவுக்கு அடியில் நிற்கும் ஈரப்பசையுள்ள எந்த மரமும் உங்கள் மில்லிவாட்டைக் குடித்துவிடும், வேம்பானாலும் சரி, கருவேலமானாலும் சரி. வேம்பை வெட்டச் சொன்னால் வீட்டில் சண்டை வரும். கருவேலத்தை வெட்டினால் ஊரே பாராட்டும். ஆக, கருவேலம் முளைத்த கொல்லையாகப் பார்த்துத் தேர்ந்தெடுப்பவர் கெட்டிக்காரர்.

பல்பு

ஆன்டெனாவுக்குள் எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்று தெரிந்தால் பாதிக் கணக்கு முடிந்தது. அதற்கென்றே உள்ள ரேடியோ மீட்டர் பழைய சாமான் கடையில் அதிர்ஷ்டசாலிகளுக்குக் கிடைக்கும். மற்றவர்கள் அருப்புக்கோட்டை ஆட்டோ எலக்ட்ரிகல் கடையில் 12 வோல்ட், 21 வாட் பிரேக் லைட் பல்பு இரண்டு வாங்கலாம். ஒன்றை எர்த் கம்பியோடு தொடராக இணையுங்கள். இன்னொன்றைப் பக்கத்தில் வைத்து, பேட்டரியிலிருந்து மீட்டர் வழியாக எரியவிட்டு, இரண்டின் வெளிச்சமும் ஒன்றாகும்வரை திருகுங்கள். பேட்டரிப் பக்கத்து மீட்டர் காட்டுவதுதான் ஆன்டெனா மின்னோட்டம். நம் கணக்குப்படி 1.1 ஆம்பியர் வரும்.

பல்பு எரியும். பார்க்க வருகிறவர்கள் அசந்துபோவார்கள். அந்தப் பல்பு தின்பது ஏறக்குறைய 5 வாட் என்பதையும், ஆன்டெனா வெளியேற்றுவதைப் போல அது நூறு மடங்குக்கும் மேல் என்பதையும் அவர்களிடம் சொல்ல வேண்டியதில்லை. வானொலி நிலையம் நடத்துவதாக நினைத்துக்கொண்டு நாம் நடத்துவது ஒரு மங்கலான தெருவிளக்கு.

இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. 1924-இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி தொடங்கிய மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் 40 வாட் கருவியோடுதான் ஒலிபரப்பில் இறங்கியது. நூறு வருஷமாக எல்லோரும் 40 வாட் என்றே எழுதுகிறார்கள். கருவி 40 வாட் சரி, கம்பி எத்தனை வாட் என்று மெட்ராஸில் ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

கேட்பது

மற்றவர்களின் மெல்லிய அலைகளைக் கேட்க முதல் தேவை நிசப்தம். திருச்சுழியில் பிறந்த ரமணருக்கு அது தானாக வாய்த்தது. பக்கத்திலிருக்கும் நமக்கு மின்வாரியம் தயவு வைத்தால்தான் உண்டு.

தறிச் சத்தம்தான் இடைஞ்சல் என்று நினைக்காதீர்கள். பழைய விசைத்தறி மோட்டார் பாவம், காதைத்தான் அடைக்கும், அலைவரிசையை அடைக்காது. குற்றவாளி தறிக்கு மேலே தொங்கும் மலிவான எல்இடி குழல்விளக்கு. அப்புறம் செல்போன் சார்ஜர், மாடியில் புதிதாக வந்த சோலார் இன்வெர்ட்டர். இவை ஒவ்வொன்றும் உரிமமே இல்லாத நெட்டலை நிலையம். தெரு முழுக்க எரியும்போது 136 கிலோஹெர்ட்ஸில் கேட்பது அடைமழையில் தகரக்கொட்டகைக்குள் ரகசியம் பேசுவது போல.

எனவே பத்திரிகையில் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவிப்பு வரும் பக்கத்தைத் தவறாமல் பாருங்கள். ஊரே அன்றைக்கு விசிறியோடு மின்வாரியத்தைச் சபிக்கும். நீங்கள் மட்டும் காலையில் குளித்து, லேப்டாப்பில் சார்ஜ் ஏற்றி, பண்டிகைக்குக் காத்திருப்பவர் மாதிரி உட்கார்ந்திருப்பீர்கள். கரண்ட் போன அந்த நொடியில் திரையில் இரைச்சல் பொத்தென்று விழுவதைப் பார்த்தவர்கள் மின்தடை அறிவிப்பைக் கத்தரித்து ஒட்டி வைத்துக்கொள்வார்கள்.

அன்றைக்கு முதலில் விஜயநாராயணத்தைக் கேளுங்கள். பாளையம்பட்டியிலிருந்து நேர்கோட்டில் ஏறக்குறைய 130 கிலோமீட்டர். 1990 அக்டோபரில் சேவையில் சேர்ந்த அந்த நிலையத்தின் விடிஎக்ஸ் அலை, கடலுக்கடியில் இருக்கும் நீர்மூழ்கிகளுக்கானது. 18.2 கிலோஹெர்ட்ஸில் அதை உலகெங்கும் ஆராய்ச்சிக்காரர்கள் கேட்டுக் குறித்துவைக்கிறார்கள். இதற்கு ரேடியோகூட வேண்டாம். ஒரு மீட்டர் சதுரத்தில் மரச்சட்டம் செய்து கம்பியைப் பல சுற்று சுற்றி, லேப்டாப்பின் மைக் துளையில் செருகினால் போதும். 48,000 மாதிரி எடுக்கும் சவுண்ட் கார்டுக்கு 24 கிலோஹெர்ட்ஸ் வரை தெரியும். திரையில் எழும் கோட்டைப் பார்த்து, இந்தப் பக்கம் யாருக்கும் எட்டாத நுட்பம் உங்களுக்குக் கைவந்துவிட்டதாக மகிழலாம். செய்தியைப் படிக்க முடியாது, படிக்கவும் முயல வேண்டாம். அது இருக்கிறது என்பது மட்டும் நமக்குப் போதும்.

அந்த அலையின் நீளம் 16 கிலோமீட்டருக்கும் மேல். 471 மீட்டர் கோபுரமே அதில் முப்பத்தைந்தில் ஒரு பங்குதான். நம் 10 மீட்டர், நம் அலையில் 220-இல் ஒரு பங்கு. கடற்படையும் நம்மைப் போலக் குட்டைக் கம்பத்துக்காரர்தான் என்று ஒரு சின்னத் திருப்தி.

மின்தடை நாளில் ஒரே சிக்கல்: கேட்பதற்கு அருமையான நாளில் அனுப்புவதற்குக் கரண்ட் இருக்காது.

ராத்திரியில் தூரம் கூடும், மார்கழி தை மாதங்களில் விடியலுக்கு முந்திய நேரம் உத்தமம். அப்போது கோயில் குழாய் ஸ்பீக்கர் தொடங்கிவிடும் என்றால் அது காதுக்குத்தான், கருவிக்கு அல்ல. சித்திரை வைகாசியில் மாலையானால் இடி. எங்கோ மேற்கு மலையில் அடிக்கும் மின்னலும் நெட்டலையில் படபடவென்று கேட்கும். இடி பக்கத்தில் வந்துவிட்டால் ஆன்டெனாவைக் கழற்றி எர்த்தில் கட்டிவிட்டு எழுந்துவிடுங்கள். கடைசியாக ஒரு சால்ஜாப்பு: எந்த அலையும் கேட்கவில்லையென்றால், பூமியின் காந்த நடுக்கோடு தென் தமிழ்நாட்டை ஒட்டிப் போகிறது என்று சொல்லலாம். உண்மைதான். திருநெல்வேலி அருகே அதை ஆராய ஒரு கூடமே இருக்கிறது. உங்கள் சுருள் கழன்றிருந்ததற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்பது வேறு விஷயம்.

ஒப்பிடுவது

யாருடைய அலை வலுவானது என்று தீர்மானிக்கப் பல வழிகள் உண்டு. பழையது, கருவியின் முகத்தில் ஆடும் எஸ் மீட்டர். ஒரு எஸ் ஏறினால் 6 டெசிபெல், அதாவது திறன் நாலு மடங்கு என்பது இலக்கணம். எந்தக் கம்பெனி மீட்டரும் இந்த இலக்கணத்தைப் படித்ததில்லை. நண்பரின் அலையை உங்கள் மீட்டரிலும், உங்கள் அலையை நண்பரின் மீட்டரிலும் பார்த்து ஒப்பிடுவது இரண்டு கடைத் தராசில் நிறுத்த கருவாட்டை ஒப்பிடுவது மாதிரி.

இரண்டாவது, மிக மெதுவான மோர்ஸ். ஒரு புள்ளிக்கு 3 நொடி என்பது ஆரம்பப் பள்ளி. மேல்படிப்பில் புள்ளிக்கு 60 நொடி. வியூ2 என்று அனுப்பி முடிக்க 37 நிமிஷம் ஆகும். அதற்குள் சோறு வடித்துக் குழம்பும் இறக்கிவிடலாம். காதால் கேட்பதில்லை, திரையில் கோடாக ஊர்வதைக் கண்ணால் படிக்க வேண்டும். மதிப்பெண் மூன்றே எழுத்து: தடம் மட்டும் தெரிந்தால் டி, அரைகுறையாகப் படிக்க முடிந்தால் எம், முழுதும் படிக்க முடிந்தால் ஓ. நண்பர்கள் டி-யைப் பார்த்துவிட்டு எம் கொடுப்பார்கள். நீங்களும் அவர்களுக்கு அப்படியே கொடுப்பீர்கள்.

மூன்றாவதுதான் ஊரைக் கெடுத்தது. 1974-இல் கண்டுபிடித்த இரட்டைத் துடிப்பு விண்மீனுக்காக 1993-இல் இயற்பியல் நோபல் வாங்கிய இருவரில் ஒருவரான ஜோ டெய்லர், தானும் ஒரு ஹாம் என்பதால் 2008-இல் விஸ்பர் என்று ஒரு முறையை எழுதிக் கொடுத்தார். பெயருக்கு ஏற்ற கிசுகிசுப்பு. இரட்டைப்படை நிமிஷம் பிறந்ததும் தொடங்கி ஏறக்குறைய 111 நொடி ஊதும். அலை ஆறே ஹெர்ட்ஸ் அகலத்துக்குள் அடங்கிவிடும். 2,500 ஹெர்ட்ஸ் இரைச்சலோடு ஒப்பிட்டு அலைக்கு ஒரு எண் போடுவார்கள். மைனஸ் 28 வரைக்கும், அதாவது இரைச்சலில் 630-இல் ஒரு பங்கே இருந்தாலும், கணினி பெயரைச் சொல்லிவிடும்.

இதில் நீங்கள் அறிய வேண்டிய நுட்பம், கேட்கும் இடத்தில் போடும் எண் உங்கள் அலைக்கும் அங்குள்ள இரைச்சலுக்கும் உள்ள விகிதம் என்பதே. மதுரையில் ஒருவருக்கு நீங்கள் மைனஸ் 20, கமுதியில் ஒருவருக்கு மைனஸ் 12 என்றால் கமுதிக்கு உங்கள்மேல் பாசம் அதிகம் என்று அர்த்தமில்லை. கமுதிக்காரர் எல்இடியை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். ஒழுங்கான ஒப்பீடு ஒன்றுதான் உண்டு: பக்கத்துப் பக்கத்து ஊரில் உள்ள இருவர் ஒரே இரண்டு நிமிஷத்தில் அனுப்ப, தூரத்தில் உள்ள ஒரே ஒருவர் இருவரையும் கேட்க வேண்டும். தூரமும் பாதையும் இரைச்சலும் இருவருக்கும் பொது. எண்களைக் கழித்தால் வருவது திறன் வித்தியாசம். ஒரு தரம் போதாது, பத்திருபது தரம் எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும். நட்பு நீடிக்க விரும்புபவர்கள் இந்த ஒப்பீட்டைத் தவிர்ப்பது நல்லது.

முழம்

வெளியேறும் திறனை எந்த அளவில் சொல்வது என்பதில் தாராளமான சுதந்திரம் உண்டு. மல்லிகையைச் சந்தையில் கிலோவாக நிறுப்பார்கள், தெருவில் முழமாக அளப்பார்கள். அந்த முழமும் பூக்காரம்மாவின் கை நீளத்தைப் பொறுத்தது. நம் 41 மில்லிவாட்டும் அப்படித்தான். வெறுமனே சொன்னால் 41. அரையலை ஆன்டெனாவோடு ஒப்பிடும் ஈஆர்பி முழத்தில் அதுவே 74. எல்லாத் திசையும் சமமாகப் பரப்பும் கற்பனை ஆன்டெனாவோடு ஒப்பிடும் ஈஐஆர்பி முழத்தில் 122. பூ அதே பூ. சட்டம் சொல்லும் 1 வாட் கடைசி முழத்தில். ஆகவே பெருமை பேச 122, மற்றவர் பெருமை பேசும்போது "எந்த முழம்?" என்று கேட்க 41 என்று இரண்டையும் நினைவில் வைத்திருங்கள்.

பிடிவாதக்காரர்களுக்கு

கணக்கை நம்பாமல் அளந்துதான் பார்ப்பேன் என்று சிலர் இருப்பார்கள். அவர்கள் செய்ய வேண்டியது: கம்பத்திலிருந்து சரியாக 2 கிலோமீட்டர் தள்ளிப் போங்கள். 350 மீட்டருக்குள் நின்றால் ஆன்டெனாவின் பக்கத்துப் புலம் ஏமாற்றும், ரொம்பத் தூரம் போனால் மண் குடித்தது கணக்கில் குழப்பும். மின்கம்பி, கம்பிவேலி எதுவும் பக்கத்தில் வேண்டாம். அவையும் உங்கள் அலையை வாங்கித் திருப்பி ஊதும். ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தில் 20 சுற்று போட்டுக் கையில் பிடித்து, அலை அதிகம் தெரியும் திசைக்குத் திருப்புங்கள். மீட்டருக்கு ஒரு மில்லிவோல்ட் புலத்துக்கு அதில் 57 மைக்ரோவோல்ட் வரும். நாலைந்து இடத்தில் எடுத்துச் சராசரி பாருங்கள்.

மரச்சட்டத்தை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு வெயிலில் வெடித்த நிலத்தில் மெல்ல மெல்லத் திரும்பும் மனிதனை இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும்.

"நீரோட்டம் பாக்குறீங்களா?"

"இல்லங்க. இது ரேடியோ."

"அதான், மிஷின் வச்சுப் பாக்குறீங்க. எங்க பிஞ்சையிலயும் ஒரு தடவ பாத்திருங்க. மூணு போர் போட்டாச்சு."

"சத்தியமா எனக்குத் தண்ணி பாக்கத் தெரியாதுங்க."

"கூலி எவ்வளவுன்னு சொல்லுங்க, குடுத்திருவோம்."

மறுத்தால் கிராக்கி பண்ணுவதாக நினைப்பார்கள். அவர் பிஞ்சையிலும் ஒரு அளவு எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள், சராசரிக்கு ஆகும். வடமேற்கு மூலையில் அலை கொஞ்சம் நன்றாக இருந்தது என்று மட்டும் வாய் தவறிச் சொல்லிவிடாதீர்கள். அங்கே நாலாவது போர் இறங்கிவிடும்.

இனி கணக்கு. புலத்தை வோல்ட்டிலும் தூரத்தை மீட்டரிலும் வைத்துப் பெருக்கி, வந்ததை அதனாலேயே பெருக்கி, 30-ஆல் வகுத்தால் ஈஐஆர்பி வாட். வீட்டில் உட்கார்ந்து போட்ட கணக்கு 122 மில்லிவாட் என்றதல்லவா? அது உண்மையானால் 2 கிலோமீட்டரில் 0.96 மில்லிவோல்ட் இருக்க வேண்டும். உங்களுக்குக் கிடைத்தது 0.68 என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 1.36, இன்னொரு தரம் பெருக்கினால் 1.85, வகுத்தால் 62 மில்லிவாட். பாதி காணோம். சுவரும் வேம்பும் பங்கு போட்டுக்கொண்டன. கணக்குக்கும் களத்துக்கும் இப்படிப் பாதி வித்தியாசம் வருவது இந்தக் கலையில் கௌரவமான முடிவு. வீட்டுக்கு வந்ததும் வேம்பை ஒரு பார்வை பார்க்கலாம், அவ்வளவுதான் முடியும்.

அறிவிப்பது

விஸ்பர் செய்தியில் மொத்தம் 50 பிட். அழைப்புக்குறிக்கு 28, ஊருக்கு 15, திறனுக்கு 7.

ஊரைக் கட்டமாகச் சொல்ல வேண்டும். உலகத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்ததில் பாளையம்பட்டி எம்ஜே99-இல் விழுகிறது, மதுரையோடு சேர்ந்து. மாவட்டத் தலைநகரான விருதுநகர் 78 டிகிரிக் கோட்டுக்கு மேற்கே மயிரிழையில் தள்ளி நிற்பதால் எம்ஜே89. கலெக்டர் ஆபீஸுக்கு அலைந்தவர்களுக்கு இந்தப் பிரிவினையில் ஒரு ஆறுதல் உண்டு.

திறனை டிபிஎம் என்ற அளவில் போட வேண்டும். 0, 3, 7 என்று முடியும் எண்களுக்கு மட்டும்தான் அனுமதி. 17 போட்டால் 50 மில்லிவாட், 20 போட்டால் 100, 30 போட்டால் ஒரு முழு வாட். அளந்து வந்த 62 மில்லிவாட்டுக்கு நெருக்கமானது 17. கை 20-க்குப் போகும். யாரும் பார்க்கவில்லை. போர் பைப், பெயிண்ட் வாளி, இரண்டு பல்பு, ஒரு கோடை முழுக்கக் குடம் குடமாய்த் தண்ணீர், பிஞ்சைக்காரரின் மனத்தாங்கல் எல்லாவற்றையும் நினைத்துப் பெருமூச்சு விட்டு 17 என்றே போட்டுவிடுங்கள்.

மறுநாள் காலையில் பட்டியலைப் பார்ப்பீர்கள். தூரத்தில் ஒருவர் உங்களைக் கேட்டிருப்பார், மைனஸ் 18. அதே நிமிஷத்தில் திருச்சுழிப் பக்கத்து ஹாம் அண்ணாச்சியையும் கேட்டிருப்பார், மைனஸ் 24. ஆறு டெசிபெல் கீழே. உங்களில் கால்பங்கு, 16 மில்லிவாட்டைத் தாண்டாது. அவர் பெயருக்கு எதிரே திறன் 30 என்று இருக்கும்.

மனசு கேட்காது. போன் போடுவீர்கள்.

"அண்ணாச்சி, ஒரு வாட்டுன்னு போட்டிருக்கீங்களே, எப்படி அளந்தீங்க?"

"அளக்கவா? எதத் தம்பி?"

"திறன் கட்டத்துல முப்பதுன்னு இருக்கே."

"அதுவா? நான் ஒண்ணும் தொடலயே. எங்க பய சிஸ்டத்துல ஏத்திக் குடுக்கும்போதே முப்பதுன்னுதான் இருந்துச்சு."